ஐயாவின்ர தண்ணி

ஒஸ்ரேலியாவில, வெரிபீயில எங்கட பக்கத்து வீட்டு ரொன், முன் புல்லில ஒரு சாக்கை விரிச்சு, அதில முழந்தாளில இருந்து பெற்றோல் வடிச்சுக்கொண்டிருந்தார்.

புல்லு வெட்டுற மெசினுக்கு விடுற பெற்றோல். ஒரு புனல், புனலுக்குள்ள மஞ்சளா ஒரு மெல்லிசுத் தோல். பெற்றோல் கானைச் சரிச்சு நூல் மாதிரி விடுறார். நிப்பாட்டிக் குனிஞ்சு பாக்கிறார். தோலைத் தூக்கிப் பிழிஞ்சு பாக்கிறார். பிறகு திரும்பவும் விடுறார்.

நான் வேலிக்கு இஞ்சால உழுந்து வடைத் தட்டோட நிக்கிறன். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான். புது அயல், வடை குடுத்துப் பழகுவமெண்டு வந்தனான். எனக்கு வாய் சும்மா கிடக்குமோ?

"என்ன ரொன், தேத்தண்ணியோ வடிக்கிறியள்? எனக்குச் சீனி கூட."

"சிரிக்காதேங்கோ. இதில ஒரு துளி தண்ணி இருந்தாலும் மெசின் நிண்டிடும்."

"புல்லுத்தானே. நிண்டால் நாளைக்கு வெட்டலாம்."

மனுசன் நிமிந்து என்னைப் பாத்தார். "ஓம், புல்லெண்டால் நாளைக்கு வெட்டலாம்," எண்டு மெல்லமாச் சொல்லிப்போட்டுத் திரும்பவும் குனிஞ்சிட்டார்.

எனக்கு இங்கிலீசு உடைஞ்ச குறுணல் அரிசி மாதிரி. சோறாகாது, கஞ்சியாகும். அதால ரொன் சொன்னதையெல்லாம் எங்கட பாசையிலதான் உங்களுக்குத் தாறன்.

இந்தக் கிழமை எழுதிறது நானேதான்

வழமையா இந்தப் புத்தகத்துக்குக் கிழமைக்குக் கிழமை நான் சொல்லச் சொல்ல என்ர மகள் வசந்திதான் எழுதிறவள். போன கிழமை என்ர பல்லுச்செட் தொலைஞ்ச கதைக்குச் சிரிச்சுச் சிரிச்சு எழுதினவள், இந்தக் கிழமை கதை இன்னதெண்டு சொன்னவுடன பேனையை மூடிப்போட்டாள்.

"அம்மா, செத்துப்போன தாத்தாவைக் கொண்டுவந்து சந்தியில நிப்பாட்டப் போறியளோ? எல்லாரும் வாசிக்கிற புத்தகம்."

"வாசிக்கத்தானே எழுதிறது."

"கோயிலில நாலு சனத்தின்ர முகத்தில நான் முழிக்கிறேல்லையோ?"

"நீ முழிக்கேக்க நானும் பக்கத்திலதான் நிப்பன், வா."

வரேல்லை. அதால நானே எழுதிறன். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் நான். பிழை கண்டால் என்னைப் பேசுங்கோ, வசந்தியைப் பேசாதேங்கோ. அவள் படிச்ச பிள்ளை. வெக்கம் கூட.

எனக்கு வெக்கம் இல்லையெண்டு நினைக்காதேங்கோ. பகிடி விடுற ஆக்களுக்கு வெக்கம் வராதெண்டு ஒரு கதை இருக்கு. வரும். எல்லாரும் சிரிச்சு முடிஞ்சு கதிரையளை அடுக்கேக்க வரும்.

கப்பலுக்குள்ள ஒரு கோயில்

வடைதான் கதையைத் துவக்கினது. "இது எங்கத்தைச் சாப்பாடு?" எண்டார் ரொன். "சிலோன்" எண்டன். "சிலோனில எங்க?" எண்டார். வெள்ளைக்காரர் அப்பிடிக் கேட்டால் கொழும்பு எண்டு சொல்லித் தப்பிறது என்ர வழக்கம். அண்டைக்கு ஏனோ "திருக்கோணமலை" எண்டிட்டன்.

"ட்ரிங்கோ!"

பெற்றோல் கையோட எழும்பிட்டார் மனுசன். இங்கிலாந்தில பிறந்து, ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகு ஒஸ்ரேலியாவுக்குக் கப்பலேறி வந்தவராம். அதுக்கு முதல், மீசை முளைச்ச கையோட நேவியில சேந்து, ஏரோப்பிளேன் ஏறி இறங்கிற பெரிய கப்பலில வேலை. அந்தக் கப்பல் எங்கட துறைமுகத்துக்குள்ள வந்து நிண்டதாம்.

"நீங்கள் ஏரோப்பிளேன் ஓடினனீங்களோ?"

"இல்லை."

"பீரங்கி?"

"இல்லை. பெற்றோல். கப்பலின்ர வயித்துக்குள்ள பெற்றோல் தாங்கி. அதைக் காக்கிறது, ஏரோப்பிளேனுக்கு ஏத்திறது."

அந்த இடத்துக்குள்ள ஆணி அடிச்ச சப்பாத்தோட போக ஏலாதாம், தட்டுப்பட்டுப் பொறி பறந்திடுமெண்டு. இரும்புச் சாவி தொட ஏலாது, வேலை ஆயுதமெல்லாம் பித்தளை. சிகரட்டை நினைக்கவும் ஏலாது.

"அப்ப கோயில்தான்," எண்டன் நான். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, பித்தளைச் சாமானோட உள்ளுக்குப் போறது. ஐயர் நீங்கள்."

ரொன் சிரிச்சார். அந்தச் சந்தோசத்தில நானும் வாயைத் திறந்தன். "எங்கட ஐயாவும் அங்கதான், அந்தப் பெற்றோல் கிடங்கிலதான் வேலை செய்தவர்."

மனுசன் வேலிக்கு மேலால என்ர ரெண்டு கையையும் பிடிச்சிட்டார். "அப்ப உங்கட அப்பா ஏத்தின பெற்றோலை நான் இறக்கியிருப்பன்!"

அண்டு முழுக்க என்ர கையில பெற்றோல் மணந்தது. அந்த மணத்துக்கு எனக்கு ரெண்டு முகம் இருக்கு. ஒண்டு, வேலையால வாற ஐயா என்ர தலையைத் தடவுற கை. மற்றது எண்பத்துமூண்டுக் கலவரத்தில வீடு கொளுத்தப் பெற்றோல் கானோட எங்கட ஒழுங்கைக்குள்ள வந்த ஆக்களின்ர முகம். அதை முந்தி எழுதியிட்டன், திரும்பக் கிண்டேல்லை. அண்டைக்கு வேலியடியில மணந்தது ஐயாவின்ர கைதான். இத்தினை வருசத்துக்குப் பிறகு என்ர ஐயாவைத் தெரிஞ்ச மாதிரிக் கதைக்க ஒரு மனுசன் கிடைச்சிருக்கிறார். எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கட வீட்டுப் பகிடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொன்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டம். மருமோனோட ட்ருகனினாவில சாமான் கிடங்கொண்டில வேலை செய்யிற ஒரு பெடியனும் அவன்ர மனுசியும் வந்திருந்தவை. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். ரொன் கரண்டியால நல்லாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மருமோன்தான் துவக்கினார். "மாமி, அந்தப் பெற்றோல் பகிடியை எடுத்து விடுங்கோவன். இண்டைக்கு நேவிக்காரரே வந்திருக்கிறார்!"

அது எங்கட குடும்பப் பகிடி. கலியாண வீட்டிலயும் சொல்லியிருக்கிறன், செத்த வீட்டில எட்டுச் சிலவிலயும் சொல்லியிருக்கிறன். ஒருநாளும் பிழைச்சதில்லை. நான் கையைக் காலை ஆட்டிச் சொல்ல, வசந்தி ரொன்னுக்கு இங்கிலீசில சொன்னாள்.

சண்டைக் காலம். ஊரில அரிசி இல்லை. கூப்பனுக்குக் கிடைக்கிறது கோழிக்கும் காணாது. ஐயாவுக்குக் கிடங்கில வேலை. அங்க பெற்றோல் பீப்பா பீப்பாவா அடுக்கிக் கிடக்கும். கொஞ்சத்தைப் பாதையெண்ட தட்டை வள்ளத்தில ஏத்திக் கப்பலுக்குக் கொண்டுபோவினம், கொஞ்சம் ஏரோப்பிளேன் இறங்கிற வெளிக்குப் போகும். ஐயா என்ன செய்வார், பொழுதுபடேக்க ஒரு றபர்க் குழாயை விட்டு ஒரு போத்தல் பெற்றோல் இழுப்பார். அதைக் கொண்டுபோய் ஒரு லொறிக்காரனுக்குக் குடுத்தால் அவன் அரிசி குடுப்பான்.

ஆனா வெள்ளைக்காரன் தடி விட்டு மட்டம் பாப்பானே? குறைஞ்சால் தெரிஞ்சிடும். ஐயா வீட்டுக்கு வந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறார். முன்னால சாமிப் படத்தடியில அம்மாவின்ர கண்ணாடி விளக்கு எரியுது. எண்ணெய் தட்டுப்பாடு, அதால அம்மா அரைக் கிளாசுக்குத் தண்ணி விட்டு, மேலால ஒரு விரற்கடை தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறா. எண்ணெய் மேல மிதக்குது, விளக்கு வடிவா எரியுது.

"விளக்குக்குத் தெரியுமோ கீழ இருக்கிறது தண்ணியெண்டு?" எண்டு கேட்டாராம் ஐயா.

"தெரியாது," எண்டாவாம் அம்மா.

"அப்ப ஏரோப்பிளேனுக்கு மட்டும் என்னெண்டு தெரியப்போகுது!"

அண்டையில இருந்து ஒரு போத்தல் பெற்றோல் எடுத்தால் ஒரு போத்தல் தண்ணி.

இந்த இடத்தில மேசை முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சது. வசந்தி கண்ணைத் துடைச்சுத் துடைச்சு இங்கிலீசில சொல்லி முடிச்சாள்.

ரொன் சிரிக்கேல்லை. கரண்டியை வைச்சிட்டார்.

"எந்த வருசம்?"

"வருசம் ஆருக்குத் தெரியும்? எனக்குப் பல்லு விழுந்து முளைக்கிற வயசு."

"மழைக்கு முதலோ பிறகோ?"

"என்ன ரொன், ஐயாவைப் பிடிச்சு மறியலில போடப் போறியளோ? அவரைத் தேடிப் போறதெண்டால் சுடலைக்கெல்லோ போகவேணும்!"

அதுக்கும் எல்லாரும் சிரிச்சினம். ரொன் கடதாசித் துண்டை நாலா மடிச்சுக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சார். வசந்திக்கு நன்றி சொன்னார். கதிரையை ஒழுங்காத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போயிட்டார்.

"கறி உறைச்சிட்டுது போல," எண்டார் மருமோன். நானும் அப்பிடித்தான் நினைச்சன். பகிடியின்ர கடைசித் துண்டை ரொன்னின்ர வெறுங் கதிரையைப் பாத்துத்தான் சொல்லி முடிச்சன்.

கடைசித் துண்டு இதுதான். வெயிலுக்குப் பெற்றோல் ஆவியாப் போகும். மட்டம் பாக்க வந்த துரை தடியை விட்டால், மற்றப் பீப்பா எல்லாத்திலயும் குறைஞ்சிருக்கு. ஐயா தண்ணி விட்டு நிரப்பின அவரின்ர பக்கத்துப் பீப்பாவெல்லாம் கழுத்து மட்டும் நிறைஞ்சிருக்கு! துரை வேலையாக்களை வரிசையில நிப்பாட்டி, "இவன் ஒருத்தன்தான் யோக்கியன்" எண்டு ஐயாவின்ர முதுகில தட்டி, ஒரு தகரம் பிஸ்கற் குடுத்தானாம்.

நேர்மைக்குக் கிடைச்ச பிஸ்கற். நாங்கள் பிள்ளையள் தகரத்தின்ர மூலையில ஒட்டின தூளையும் விடாமல் நக்கித் திண்டனாங்கள்.

வளந்த புல்லு

அதுக்குப் பிறகு ரொன்னின்ர முன் புல்லு வளந்தது. ஒரு கிழமை, ரெண்டு கிழமை, பிறகு பூக்கன்றையும் மூடிக்கொண்டு வளந்தது. கார் விடுற கொட்டிலின்ர கதவு திறக்கேல்லை. நான் தட்டோட வேலியடியில நிண்டு பாத்தன், ரெண்டுதரம் கூப்பிட்டும் பாத்தன். வடையை மருமோன் திண்டார்.

"நீங்கள் வெள்ளைக்காரரைப் பகிடி பண்ணினது அவருக்குப் பிடிக்கேல்லை அம்மா," எண்டாள் வசந்தி. "போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வருவம்."

போனம். நான் வெறுங்கையோட போனன். வடையோட போனால் திரும்பவும் பகிடி வந்திடுமெண்டு எனக்கே பயம்.

ரொன் கொட்டிலுக்குள்ள ஒரு மடிக்கிற கதிரையில இருந்தார். முன்னால அந்த மெசின். அந்தத் தோல் கம்பியில காஞ்சு, மட்டை மாதிரி விறைச்சுப்போய்க் கிடந்தது.

"நான் பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ ரொன்?"

"இல்லை. பிழையா ஒண்டும் சொல்லேல்லை," எண்டார். பிறகு மெசினைப் பாத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். வசந்தி எனக்குத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரு காலமை. கடலில கப்பல் போய்க்கொண்டிருக்கு. ஏரோப்பிளேனுகள் அவசரமாக் கிளம்பவேணும். ரொன்னுக்கு அண்டைக்கு மேல் தட்டில வேலை, குழாய்ப் பக்கம். புனலுக்குள்ள தோலை வைச்சு, அதுக்குள்ளால பெற்றோலை விடவேணும். பெற்றோல் இறங்கும், தண்ணி தோலில தங்கும். ஒவ்வொரு ஏரோப்பிளேனுக்கும் தோலைத் தூக்கிப் பிழிஞ்சு பாக்கவேணும். தண்ணி கண்டால் விட்டதெல்லாத்தையும் திருப்பி எடுக்கவேணும்.

"அண்டைக்குக் கத்திறாங்கள். கெதியா, கெதியா எண்டு. ஒரு ஏரோப்பிளேனுக்கு நான் தோலைப் பிழிஞ்சு பாக்கேல்லை. பாத்தனானெண்டு பெருவிரலைத் தூக்கிக் காட்டினன்."

அந்த ஏரோப்பிளேன் ஓடி, எழும்பி, கப்பலின்ர நுனியைத் தாண்டினவுடன இருமிச்சுதாம். மனுசர் இருமிற மாதிரி. அப்பிடியே கப்பலுக்கு முன்னால கடலுக்குள்ள விழுந்திட்டுது. அவ்வளவு பெரிய கப்பலைப் பிடிச்சு நிப்பாட்ட ஏலாது. அதுக்கு மேலாலயே போச்சுது.

"அதை ஓட்டினவன் என்ர வயசுப் பெடியன். என்ர பெருவிரலைப் பாத்து அவனும் தன்ர பெருவிரலைக் காட்டினவன்."

ரொன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையாம். ஏரோப்பிளேன் கடலுக்கடியில. கேக்க என்ன இருக்கு?

ஐயா கொண்டுவந்த அரிசிச் சோத்தை நானும் திண்டனான். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திண்டனான். அதைப் பகிடியெண்டு ஊரெல்லாம் பரிமாறியும் இருக்கிறன்.

"வசந்தி, சொல்லு அவருக்கு. அது ஐயாவின்ர தண்ணியெண்டு."

"அம்மா, சும்மா இருங்கோ. தாத்தா எங்க, அந்தக் கப்பல் எங்க?"

"அவர் ஏத்தினதைத்தான் இவர் இறக்கினவர். இவரே சொன்னவர். சொல்லு."

"என்ர வாயால தாத்தாவைக் கொலைகாரனாக்கச் சொல்லுறியளோ? நான் சொல்லமாட்டன்."

அப்ப என்ர குறுணல் அரிசி இங்கிலீசைத்தான் உலையில போடவேணும். நானே சொன்னன். உங்கட தண்ணி இல்லை ரொன். என்ர ஐயாவின்ர தண்ணி. அவ்வளவுதான் எனக்கு வந்த இங்கிலீசு. ரெண்டுதரம் சொன்னன்.

கீழ இருந்த கடல்

ரொன் மெசினில இருந்து கண்ணை எடுத்து என்னைப் பாத்தார்.

"அப்பிடி இருக்கவேணுமெண்டு நானும் ஆசைப்பட்டனான்," எண்டார். "உங்கட மேசையில இருந்து எழும்பின நேரம் தொட்டு இந்தக் கதிரையில இருந்து உங்கட அப்பாவிலதான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தனான். எவ்வளவு சுகமா இருந்தது தெரியுமோ? கிழவனா வந்த பிறகு முதல் முதலா நல்ல நித்திரை. அந்த வெக்கத்திலதான் உங்கட முகத்தில முழிக்கேல்லை."

பிறகு தலையாட்டினார். "ஆனா கணக்குச் சரிவரேல்லை."

அவர் சொன்னதை வசந்தி ஒவ்வொண்டாச் சொன்னாள். அந்தக் கப்பலில பெற்றோல் தாங்கியை வெறுமையா விட ஏலாதாம். வெறும் இடமிருந்தால் அதில ஆவி நிக்கும், ஒரு பொறி பட்டால் கப்பலே போச்சு. அதால மேலால பெற்றோல் எடுக்க எடுக்க, கீழால கடல் தண்ணியை விடுவினமாம். பெற்றோல் மேல மிதக்கும், கடல் கீழ கிடக்கும்.

"உங்கட அம்மாவின்ர விளக்கு மாதிரித்தான். உங்கட அப்பா விட்ட போத்தல் தண்ணி எங்கட தாங்கிக்குள்ள வந்திருந்தால், நேர கீழ போய்க் கடலோட சேந்திருக்கும். அவ்வளவு கடலுக்குள்ள அது எம்மாத்திரம்? மேல வந்தது கப்பலின்ர தண்ணி. அதைப் பிடிக்கிறதுக்குத்தான் என்னை அங்க வைச்சிருந்தவை."

வசந்தியின்ர முகம் மலந்துபோச்சு. "பாத்தியளோ அம்மா! தாத்தாவில ஒரு பிழையும் இல்லை!"

ரொன் சொன்னது உண்மையோ, என்னைத் தேத்தச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. அவரின்ர பாரத்தை வாங்கப் போன நான், என்ர பாரத்தை அவரிட்டக் குடுத்திட்டு நிக்கிறன். அப்பிடி ஒரு வெக்கம் எனக்கு அதுக்கு முந்தி வந்ததில்லை.

இன்னொண்டும் எனக்கு அந்த இடத்திலேயே புத்தியில பட்டுது. கப்பலுக்குப் போன பீப்பாவுக்குக் கீழ கடல் இருந்தது. சரி. ஏரோப்பிளேன் இறங்கிற வெளிக்குப் போன பீப்பாவுக்குக் கீழ என்ன இருந்தது? அங்க எந்தப் பெடியன் அண்டைக்குத் தோல் பிழிய மறந்தவன்?

நான் கேக்கேல்லை. ரொன் என்னைப் பாத்தார். பெற்றோலோட வாழ்ந்த மனுசனுக்கு அது தெரியாமலிருக்குமோ? அவரும் சொல்லேல்லை.

"அண்டைக்கு நான் இடையில எழும்பிட்டன்," எண்டார் ரொன். "பிறகு எல்லாரும் சிரிச்ச சத்தம் என்ர வீடு மட்டும் கேட்டது. பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை ரொன்."

"சொல்லுங்கோ."

பள்ளிக்கூடத்தில பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னன். கை ஆடேல்லை. வெயில், தடி, கழுத்து மட்டும் நிறைஞ்ச பீப்பா, யோக்கியன், பிஸ்கற். வசந்தி நிலத்தைப் பாத்துக்கொண்டு இங்கிலீசில சொன்னாள்.

முதல்ல ரொன்னின்ர தோள்தான் குலுங்கினது. அழுகிறாரெண்டு நினைச்சன். சிரிக்கிறார்! இருமி இருமி, மெசினின்ர பிடியைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார்.

"பிஸ்கற்றோ! எங்களுக்கு ஒருநாளும் ஒரு பிஸ்கற் தரேல்லை!"

என்ர பகிடிக்கு நான் சிரிக்காமல் நிண்டது அண்டைக்குத்தான்.

மனுசன் எழும்பிக் குசினிக்குள்ள போய் ஒரு பிஸ்கற் பைக்கற்றோட வந்தார். வசந்திக்கு ஒண்டு. எனக்கு ஒண்டு. தானும் ஒண்டு எடுத்துக் கடிச்சார். நானும் கடிச்சன். வாய்க்குள்ள அது மணலாக் கிடந்து புரண்டுது.

"நல்லாயிருக்கோ?" எண்டார் ரொன்.

நான் ஐயாவின்ர பிள்ளையெல்லோ. "நல்லாயிருக்கு ரொன்," எண்டன். ஆரும் அந்தத் துரை மாதிரித் தடி விட்டுப் பாத்திருந்தால், கழுத்து மட்டும் நிறைஞ்சுதான் இருந்திருப்பன்.